ஆறடி, பத்தடி, அண்ணாமலை

திருவண்ணாமலையில் கேமரா தூக்குகிறவனுக்கு மலையிடமிருந்து தப்பிக்க வழியில்லை. தேரடி வீதியில் நின்றாலும், செங்கம் சாலையில் நின்றாலும், யாரை எடுத்தாலும் அவர் தோளுக்குப் பின்னால் மலை வந்துவிடும். 2,668 அடி உயரம். ஊரில் எந்த மொட்டை மாடியிலிருந்தும் தெரியும். அதனால் இங்கே படம் எடுப்பவன் ஒவ்வொரு தடவையும் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஆளா, மலையா? இரண்டில் எது துல்லியமாக விழ வேண்டும், எது மங்கலாகப் பின்னால் போக வேண்டும்?

இன்றைய கேமராக்கள் அந்தக் கேள்வியை நம்மிடம் கேட்பதே இல்லை. பொத்தானைப் பாதி அழுத்துவதற்குள் முகத்தைக் கண்டுபிடித்து, முகத்தில் கண்ணைக் கண்டுபிடித்து, ஃபோகஸ் பிடித்துக் கொடுத்துவிடுகின்றன. கல்யாண வேலைக்கு நானும் அப்படிப்பட்ட லென்ஸைத்தான் எடுத்துப்போகிறேன். கெட்டிமேளம் கொட்டுகிற அந்த ஒரு கணத்தில் அது செய்யும் உதவி பெரியது. ஆனால் என் ஊரை, என் ஊர் ஜனங்களை எனக்காக எடுக்கும்போது, டிஜிட்டல் கேமராவில் சோவியத் காலத்து லென்ஸ் ஒன்றை மாட்டிக்கொண்டு, வளையத்தைக் கையால் திருகித்தான் எடுக்கிறேன். பல வருஷமாக இப்படித்தான். பழசின் மீதுள்ள ஆசையால் அல்ல. எதிரில் இருக்கிறவரிடமிருந்து நான் எவ்வளவு தூரத்தில் நிற்கிறேன் என்பதை வேறெந்தக் கருவியும் எனக்கு இத்தனை தெளிவாகச் சொன்னதில்லை.

தூரம் பார்க்க எனக்குக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் ஸ்டுடியோ வைத்திருந்தவர். ஊரில் எல்லோருக்கும் அவர் ஸ்டுடியோ அண்ணன். எண்பதுகளின் கடைசியில், பள்ளிக்கூடம் விட்டதும் அவரிடம் எடுபிடியாக நிற்பேன். டீ வாங்கி வருவது, லைட் ஸ்டாண்டைத் தள்ளிவைப்பது, பாஸ்போர்ட் சைஸ் படங்களைக் கவரில் போட்டுப் பெயர் எழுதுவது, இதெல்லாம்தான் வேலை. அந்த அறையின் சிமென்ட் தரையில் சாக்பீஸ் கோடுகள் இருக்கும். பாஸ்போர்ட் படத்துக்கு ஸ்டூல் எங்கே, கேமரா ஸ்டாண்ட் எங்கே என்பதற்கு ஒரு ஜோடி. குழந்தையை உட்காரவைத்து எடுக்க ஒன்று. குடும்பமாக நிற்கவைத்து எடுக்க இன்னொன்று. தரையைப் பெருக்கிக் கோடு அழிந்தால் டேப்பைப் பிடித்து அளந்து மறுபடி போடுவது என் பொறுப்பு.

வெளி வேலைக்குப் போனால் கோடு கிடையாது, காலால் அளப்பார். கல்யாணப் பந்தலில் முன்வரிசைப் பெரியவர்களிடமிருந்து பின்பக்கமாகவே எட்டுவைத்து வந்து, வாய்க்குள் “பத்தடி” என்று சொல்லி, லென்ஸ் வளையத்தைத் திருப்பி வைத்துவிட்டு, அப்புறம்தான் கண்ணை வியூஃபைண்டரில் வைப்பார். மலையையோ கோபுரத்தையோ எடுப்பதென்றால் வளையத்தின் கடைசியில் எட்டு ஒன்று படுத்த மாதிரி இருக்கும் குறிக்குத் திருப்பச் சொல்வார். “மலையில வெய்யி” என்பது அவர் கட்டளை. முகத்தைக் கிட்டத்தில் எடுக்கும்போது மட்டும் குரல் மாறும். “மூக்குல வெக்காதடா, கண்ணுல வெய்யி. மூக்கு மங்கினா யாரும் கேக்க மாட்டாங்க, கண்ணு மங்கினா காசு குடுக்க மாட்டாங்க.”

ஃபிலிம் ரோலில் படங்கள் எண்ணிக்கைதான். 120 ரோலில் பெட்டிக் கேமராவுக்கு 12 படம், 35 எம்எம் ரோலில் 36. ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்த ‘இந்து’ கறுப்பு வெள்ளை ரோல்களை அவர் வீணாக்கிப் பார்த்ததில்லை. அளந்து நின்று, ஃபோகஸை முடிவு செய்து, எதிரில் இருப்பவர் உடம்பு தளர்ந்து மூச்சு விடும்வரை பொறுத்திருந்து அழுத்துவார். அந்தப் பொறுமையைத்தான் நான் அவரிடம் படித்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

பிறகு கலர் லேப் வந்தது, டிஜிட்டல் வந்தது, கையிலேயே போன் வந்தது. ஸ்டுடியோவின் முன்பாதி ஜெராக்ஸ் கடையானது. பின்பாதியில் டார்க் ரூமின் சிவப்பு பல்பு எரியாமல் தொங்கியது. அவரிடம் ஜெனித் கேமரா ஒன்று இருந்தது. இளவயதில் சென்னையில் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. ஷட்டர் துணி கிழிந்து, ரொம்ப நாளாக அலமாரியில் கிடந்தது. கடையைக் காலி செய்த வாரம் என்னைக் கூப்பிட்டு, கேமராவிலிருந்து லென்ஸை மட்டும் திருகிக் கழற்றி என் கையில் வைத்தார். “பொட்டி செத்துப்போச்சு. கண்ணு நல்லாக்கீது. நீ வெச்சிக்கோ.”

அது ஹீலியோஸ் 44-2. 58 எம்எம், எஃப் 2. 1930களில் ஜெர்மனியின் யேனா நகரத்தில் கார்ல் ஜெய்ஸ் நிறுவனம் வெளியிட்ட பயோட்டார் என்ற லென்ஸின் வடிவமைப்பை வைத்து, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு சோவியத் நாட்டில் செய்தது. நான்கு தொகுதிகளாக ஆறு கண்ணாடிகள். ஜெனித் கேமராவோடு லட்சக்கணக்கில் வெளியே போனதால் உலகம் முழுக்க இன்றும் மலிவாகக் கிடைக்கிறது. உடம்பு முழுவதும் உலோகம். உள்ளே மோட்டார் இல்லை, கம்பி இல்லை, பேட்டரி இல்லை. கையில் எடுத்தால் மூன்று வளையங்கள் இருக்கும். ஒன்று ஃபோகஸ், 0.5 மீட்டரில் தொடங்கி அந்தப் படுத்த எட்டில் முடியும். அது நிதானமாக, நெடுந்தூரம் திரும்பும். இரண்டாவது வளையத்தில் அப்பர்ச்சர் எண்ணை, அதாவது வெளிச்சம் நுழையும் துளையின் அளவை, முன்கூட்டியே குறித்து வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு எண்ணுக்கும் டிக் என்று நிற்கும். மூன்றாவது ஓசையில்லாமல் வழுக்கும். அதைத் திறந்து முழு வெளிச்சத்தில் ஃபோகஸ் பார்த்துவிட்டு, கண்ணை எடுக்காமலே முட்டும்வரை திருப்பினால், குறித்து வைத்த எண்ணில் போய் நின்றுகொள்ளும்.

இந்த லென்ஸ் எப்படி இன்றைய கேமராவில் உட்கார்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். ஏனென்றால் பலர் இதை ஏதோ பெரிய வித்தை என்று நினைக்கிறார்கள். எந்த லென்ஸும் தனக்குப் பின்னால் குறிப்பிட்ட தூரத்தில்தான் பிம்பத்தை விழவைக்கும். ஹீலியோஸின் பின்பக்கம் எம்42 என்ற திருகு மறை. விட்டம் 42 மில்லிமீட்டர், மறைக்கு மறை 1 மில்லிமீட்டர். லென்ஸ் உட்காரும் முகப்பிலிருந்து ஃபிலிம்வரை 45.46 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அந்தக் காலக் கேமராக்களுக்குள் கண்ணாடி ஒன்று மேலும் கீழும் அசைய வேண்டியிருந்ததால் அவ்வளவு இடம் விட்டார்கள். இப்போதைய மிரர்லெஸ் கேமராக்களில் அந்தக் கண்ணாடியே இல்லை. சோனியில் அந்தத் தூரம் 18 மில்லிமீட்டர்தான். மீதி 27 மில்லிமீட்டர் சொச்சத்தை நிரப்ப ஒரு வெற்றுக் குழாய் போதும். அதுதான் அடாப்டர். உள்ளே கண்ணாடி எதுவும் இல்லாததால் லென்ஸின் குணம் கெடுவதில்லை.

எல்லாக் கேமராவுக்கும் இது பொருந்தாது. என் நண்பர் ஒருவர் நிக்கான் டி.எஸ்.எல்.ஆர். வைத்திருந்தார். அதில் அந்தத் தூரம் 46.5 மில்லிமீட்டர். எம்42 லென்ஸுக்கு வேண்டியதைவிட 1 மில்லிமீட்டர் அதிகம். அதோடு அடாப்டரின் தடிமனும் சேரும். அந்த ஒன்றிரண்டு மில்லிமீட்டரால் என்ன ஆகிறது என்றால், இரண்டு மூன்று மீட்டருக்குள் உட்கார்ந்திருப்பவர் அழகாக விழுவார். மலை விழவே விழாது. வளையத்தைக் கடைசிவரை திருப்பினாலும் அண்ணாமலை மங்கலாகத்தான் நிற்கும். திருத்தக் கண்ணாடி வைத்த அடாப்டர் போட்டால் மலை வரும், ஆனால் படத்தின் தெளிவு கொஞ்சம் குறையும். நான் பழைய சோனி ஃபுல் ஃபிரேம் கேமரா ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கியதற்குக் காரணம் அதுதான். ஃபுல் ஃபிரேம் என்றால் சென்சார் அந்தக் கால 35 எம்எம் ஃபிலிம் அளவே இருக்கும். லென்ஸ் எவ்வளவு அகலத்துக்குச் செய்யப்பட்டதோ அவ்வளவும் படத்தில் வரும்.

கேமராவுக்கு இந்த லென்ஸைத் தெரியாது. மாட்டியதும் லென்ஸே இல்லை என்று சொல்லும். லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் விழட்டும் என்று மெனுவில் மாற்றிவைக்க வேண்டும். அப்பர்ச்சரை நாம் வைத்தால் ஷட்டர் வேகத்தை அதுவே கணக்குப் போட்டுக்கொள்ளும். எடுத்த படத்தின் விவரத்தில் அப்பர்ச்சர் இடம் காலியாக இருக்கும். நான் சின்ன நோட்டில் எழுதி வைத்துக்கொள்வேன். ஆனால் ஒரு விஷயத்தில் டிஜிட்டல், பழைய லென்ஸுக்குப் புது வாழ்வு கொடுத்திருக்கிறது. ஃபோகஸ் பீக்கிங் என்ற வசதியில், எந்த இடம் துல்லியமாக இருக்கிறதோ அதன் ஓரங்களில் சிவப்போ மஞ்சளோ கோடாக மின்னும். இன்னொரு பொத்தானை அழுத்தினால் அந்த இடம் மட்டும் பல மடங்கு பெரிதாகத் தெரியும். ஒரு முகத்தில் இமை முடி தனித்தனியாகத் தெரியும்வரை வளையத்தைத் திருகலாம். இந்த வசதி ஸ்டுடியோ அண்ணனுக்குக் கிடைத்ததில்லை. அவர் வெறும் கண்ணால் செய்தார்.

கோயிலின் வடக்கு வாசல் கோபுரத்துக்கு அம்மணி அம்மன் கோபுரம் என்று பெயர். ஊர் ஊராகப் போய்ப் பணம் திரட்டி அதைக் கட்டி முடித்த பெண் துறவியின் பெயர் அது. அந்தப் பக்கம் பூ கட்டி விற்கும் ஆயா ஒருவரை நான் வெகுநாள் பார்த்துக்கொண்டே கடந்திருக்கிறேன். ஒருநாள் கேட்டேன். “எடுத்துக்க கண்ணு, அதுக்கென்ன” என்றார். பக்கத்தில் உட்கார்ந்து வளையத்தைத் திருகத் தொடங்கினேன்.

“இன்னா கண்ணு, எடுத்துட்டியா?”

“இன்னும் இல்ல ஆயா. ஃபோகஸ் வெச்சினுகீறேன்.”

“அதுக்குள்ள நான் ரெண்டு மொழம் கட்டிடுவேன்.”

கட்டவும் தொடங்கிவிட்டார். போனைப் பார்த்ததும் எல்லோரும் போடும் அந்த விறைப்பு முகத்தில் இருந்து இறங்கிவிட்டது. வாழைநாரைத் தண்ணீரில் தொட்டு, இரண்டு மல்லி இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம், நடுவில் கனகாம்பரம், ஒரு சுற்று, ஒரு முடிச்சு. நான் இருந்தது 80 சென்டிமீட்டர் தூரத்தில். எஃப் 2-ல் இந்த லென்ஸுக்கு அந்தத் தூரத்தில் துல்லியமாக விழும் ஆழம் இரண்டு சென்டிமீட்டர் சொச்சம்தான். ஆயாவின் கண் தெளிவாக விழுந்தால் விரல் மங்கும். விரல் விழுந்தால் கண் மங்கும். இரண்டும் சேர்ந்து வராது. கண்ணில் வை என்றுதான் எனக்குப் பாடம். வளையத்தை முன்னும் பின்னும் திருகிப் பார்த்தேன். கண்ணில் நிறுத்தியபோது அது ஒரு ஆயாவின் படமாக இருந்தது. விரலில் நிறுத்தியபோதுதான் அது இந்த ஆயாவின் படமாக இருந்தது. நாரின் ஈரம், நகத்தின் ஓரத்தில் ஏறியிருந்த கனகாம்பரச் சாயம், கட்டைவிரலில் நார் இழுத்து இழுத்து விழுந்த தழும்பு, எல்லாம் தெளிவாக வந்தன. முகம் பின்னால் மென்மையாகக் கரைந்திருந்தது.

பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தார். “மூஞ்சி செரியா உழல. கை நல்லா உழுந்துகீது” என்றார். கொஞ்சம் பொறுத்து, “இந்தக் கைதான் மூணு பொண்ணக் கரையேத்துச்சு” என்றார். படத்தைப் பூக்கூடைக்கு அடியில் பத்திரமாக வைத்துக்கொண்டார். என்னுடைய ஆட்டோ ஃபோகஸ் லென்ஸ் அன்று கையில் இருந்திருந்தால் ஆயாவின் கண்ணைத்தான் பிடித்திருக்கும். அதன் பழக்கம் அது. விரலைத் தேர்ந்தெடுக்க, அந்த ஆயாவோடு சற்று நேரம் உட்கார்ந்திருந்த ஒருவனால்தான் முடியும்.

கிரிவலப் பாதையில் இந்த லென்ஸ் வேறு விதமாக வேலை செய்யும். 14 கிலோமீட்டர் சுற்று. பௌர்ணமியன்று ஜனம் வெள்ளமாக நடக்கும். நடந்து வருகிறவரை நிறுத்தி வளையம் திருகிக்கொண்டிருக்க முடியாது. அதற்கு ஸ்டுடியோ அண்ணனின் பத்தடி கைகொடுக்கும். பத்தடி என்றால் 3 மீட்டர். வெயில் இறங்குவதற்கு முன், வெளிச்சம் இருக்கும்போதே, வளையத்தை 3 மீட்டரில் நிறுத்தி, அப்பர்ச்சரை எஃப் 8-ல் வைத்துவிட்டால், சுமார் இரண்டரை மீட்டரிலிருந்து மூன்றே முக்கால் மீட்டர் வரைக்கும் எல்லாம் தெளிவாக விழும். லென்ஸ் உடம்பிலேயே அந்தக் கணக்கைக் கோடுகளாகப் பொறித்திருக்கிறார்கள். இப்போது வரும் பல லென்ஸ்களில் அந்தக் கோடுகளே கிடையாது. அப்படி வைத்துவிட்டு நானும் அவர்களோடு நடப்பேன். பத்தடியில் யாராவது வந்தால் அழுத்தலாம். ஃபோகஸ் பார்க்கவே வேண்டாம். வெறுங்காலில், தார் சூட்டில், குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு நடக்கும் அப்பன்கள், நெற்றியில் கற்பூரக் கரி இட்ட பெண்கள், எமலிங்கம் வந்ததும் செருப்புக்கடைக்காரரிடம் தண்ணீர் வாங்கிக் குடிக்கும் கிழவர்கள் எல்லோரும் அந்தப் பத்தடிக்குள் வந்துபோனார்கள். நாளாக ஆக, பத்தடி என்பது என் உடம்புக்கே தெரிந்துவிட்டது. கேமரா இல்லாத நாளிலும் ஒருவர் எதிரில் வந்தால் அவருக்கும் எனக்கும் எத்தனை அடி என்று கால் சொல்லிவிடுகிறது.

ஆறடி என்பது வேறு. பத்தடிக்குள் ஒருவர் தாமாக வரலாம். ஆறடிக்குள் நாம் போக வேண்டுமென்றால் அவர் சம்மதம் வேண்டும். பாதையோரம் மரத்தடியில் இருக்கும் சாமியார்களைப் படம் எடுக்க வெளியூர்க்காரர்கள் நீளமான லென்ஸோடு எதிர்ப்பக்கம் நின்று சுடுவதைப் பார்த்திருக்கிறேன். எடுக்கப்பட்டது அவருக்கே தெரியாது. 58 எம்எம்மில் அது நடக்காது. முகம் வேண்டுமென்றால் ஆறடிக்குள் போயே ஆக வேண்டும். ஒரு சாமியார் என்னைப் பார்த்துச் சொன்னார்: “நின்னுகினு எடுத்தா நீ பெரிய ஆளா ஆயிடுவ. உக்காரு.” உட்கார்ந்தேன். அவர் கண் உயரத்தில் என் கண் வந்தது. டீ வந்தது. எடுத்து முடித்ததும் கேமராவைக் கேட்டு வாங்கி, அவரே என்னைப் பார்த்து வளையத்தைத் திருகினார். ஒரு பக்கம் திருப்பினால் நான் வருகிறேன். மறுபக்கம் திருப்பினால் எனக்குப் பின்னால் மலை வருகிறது.

“ரெண்டும் ஒண்ணா வராதா?”

“வரும் சாமி. அப்பர்ச்சரை எஃப் 16-க்கு இறக்கணும், நல்ல வெயில் வேணும், நான் பன்னெண்டு அடி தள்ளிப் போய் நிக்கணும்.”

கணக்கு அதுதான். 58 எம்எம்மில், எஃப் 16-ல், சுமார் 7 மீட்டரில் ஃபோகஸை நிறுத்தினால் மூன்றரை மீட்டரிலிருந்து மலைவரை எல்லாம் தெளிவு. சாமியார் என்னைப் பன்னிரண்டு அடி தள்ளி நிற்கச் சொல்லி, மலையோடு சேர்த்து என்னை எடுத்தார். என் வீட்டில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் என் ஒரே படம் அவர் எடுத்ததுதான்.

இந்த ஊரின் வெளிச்சத்தோடு பழைய கண்ணாடி பழகும் விதமும் தனி. கோயில் மலைக்குக் கிழக்கே இருக்கிறது. காலையில் 217 அடி ராஜகோபுரம் முகத்தில் வெயிலை வாங்கிக்கொள்ளும். சாயங்காலம் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிவிடுவதால் ஊருக்குள் சீக்கிரமே நிழல் விழும். அதே நேரத்தில் மலைக்கு மேற்கே ஆதி அண்ணாமலைப் பக்கம் போனால் வெயில் இன்னும் பாக்கி இருக்கும். அந்தத் தாழ்ந்த வெயிலை எதிரில் வைத்து எடுத்தால் புது லென்ஸ்கள் அதை அடக்கிவிடும். அவற்றின் கண்ணாடிப் பூச்சு அப்படி. ஹீலியோஸின் பழைய பூச்சு அடக்காது. படம் முழுக்க வெளிச்சம் புகைபோலப் பரவும், கறுப்பு சாம்பலாகும். கையால் மேலே மறைத்தால் குறையும். மறைக்கலாமா, விடலாமா என்பதும் நம் முடிவுதான். கிரிவலப் பாதையின் புழுதி அந்த வெயிலில் எப்படி நம் கண்ணுக்குத் தெரிகிறதோ, கிட்டத்தட்ட அப்படியே இந்த லென்ஸில் விழுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஹீலியோஸுக்கு ஊர் உலகத்தில் பெயர் வாங்கிக் கொடுத்தது அதன் சுழல். அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து ஆளை நடுவில் வைத்து எடுத்தால், பின்னால் மங்கிய விளக்குகளும் இலைகளும் நடுவைச் சுற்றிக் கோலத்தின் சுழி போல வளையும். படத்தின் ஓரத்துக்குப் போகும் ஒளியை லென்ஸின் குழாய் ஒரு பக்கம் வெட்டிவிடுவதால் அங்கே ஒளிப்புள்ளிகள் வட்டமாக இல்லாமல் பூனைக் கண்ணாக நீள்கின்றன. அவை எல்லாம் நடுவைச் சுற்றி அடுக்கியதாகத் தெரிகின்றன. வடிவமைத்தவர்கள் இதைக் குறையாகத்தான் கருதியிருப்பார்கள். தீபத் திருவிழாக் கடைகளுக்கு முன்னால் அகல் வாங்கும் ஒரு பெண்ணை எடுத்துப் பாருங்கள். பின்னாலிருக்கும் அத்தனை விளக்கும் அவளைச் சுற்றி வரும். அதற்காகவே தினமும் சுழலைத் தேடிப்போவதும் அலுத்துவிடும். நான் அதை விசேஷ நாளுக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

பழைய லென்ஸுக்குப் பராமரிப்பு முக்கியம். மழைக்காலத்தில் ஈரம் ஏறினால் கண்ணாடிக்குள் பூஞ்சை படரும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல்லோடு வைக்க வேண்டும். சித்திரை வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் விட்டால் உள்ளே இருக்கும் கிரீஸ் உருகி அப்பர்ச்சர் தகடுகளில் எண்ணெய் படியும். ஆனால் எங்கள் வெயில் குணப்படுத்தியதையும் சொல்ல வேண்டும். நண்பர் ஒருவருக்கு ஜப்பானின் அசாஹி ஆப்டிகல் நிறுவனத்து சூப்பர் டகுமார் 50 எம்எம் எஃப் 1.4 கிடைத்தது. அதன் பிந்தைய வகையில் ஒரு கண்ணாடியில் தோரியம் கலந்திருக்கும். ஒளியை நன்றாக வளைக்கும் என்பதற்காகச் சேர்த்தார்கள். அந்தக் கதிரியக்கத்தால் கண்ணாடி காலப்போக்கில் தேயிலைத் தண்ணீர் நிறத்துக்கு மஞ்சளாகிவிடும். புற ஊதாக் கதிர் பட்டால் அந்த மஞ்சள் வெளுக்கும். அவர் வீட்டு மொட்டை மாடியில், பின்பக்கத்துக்கு அலுமினியத் தாள் சுற்றி, எரியக்கூடியது எதுவும் பக்கத்தில் இல்லாமல் பார்த்துக்கொண்டு, வெயிலில் வைத்தோம். வாரக்கணக்கில் மெல்ல மெல்ல வெளுத்தது. வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் பார்த்தபோது தாள் வெள்ளையாகவே தெரிந்தது.

கையால் ஃபோகஸ் வைப்பது இன்று ஒரு சிலரின் விருப்பம். ஆனால் நீண்ட காலம் வேறு வழியே இருந்ததில்லை. தானாக ஃபோகஸ் பிடிக்கும் முதல் சிறு கேமராவை கோனிகா 1977-ல்தான் கொண்டுவந்தது. லென்ஸ் மாற்றும் கேமராக்களில் அந்த வசதியை உலகத்துக்குப் பழக்கியது 1985-ல் வந்த மினோல்டா 7000. அந்த வசதி வருவதற்கு முன், ஃபோகஸ் வளையம் திருகி எடுத்த படம் ஒவ்வொன்றிலும், எது தெளிவாக விழ வேண்டும் என்று ஒரு மனிதர் முடிவு செய்திருக்கிறார். ரமண மகரிஷியின் படங்கள் இந்த ஊரில் டீக்கடைச் சுவரிலும் ஆட்டோவிலும் இருக்கின்றன. சென்னை மருத்துவர் டி.என். கிருஷ்ணசாமி எடுத்தவை, 1946-ல் பெங்களூரு ஜி.ஜி. வெல்லிங் எடுத்த புகழ்பெற்ற மார்பளவுப் படம், எல்லாமே அப்படிப்பட்டவை. வெல்லிங்கின் படத்துக்கு முன் நிற்கிற எல்லோரும் கண்ணைத்தான் பார்க்கிறார்கள். அந்தக் கண்ணில் ஒருவர் அளந்து ஃபோகஸை நிறுத்தினார் என்று நினைக்கும்போது எனக்கு அந்தப் படத்தின் மேல் மரியாதை இரட்டிப்பாகிறது.

1950 ஏப்ரலில் ஆன்ரி கார்த்தியே-பிரெசோன் திருவண்ணாமலையில் இருந்தார். மேக்னம் புகைப்பட நிறுவனத்தை உருவாக்கியவர்களில் ஒருவர். 1948-ல் காந்தியை அவருடைய கடைசி நாளில் சந்தித்துப் படம் எடுத்தவர். ரமணர் நோயுற்றிருந்த கடைசி நாட்களில் ஆசிரமத்தில் அவர் எடுத்த படங்கள் இருக்கின்றன. ஏப்ரல் 14 இரவு, வானத்தில் ஓர் ஒளி மெதுவாக நகர்ந்து மலைக்குப் பின்னால் மறைந்ததைப் பார்த்ததாகவும், கடிகாரத்தைப் பார்த்தபோது 8.47 என்றும், ஆசிரமத்துக்கு விரைந்தபோது மகரிஷி அந்த நேரத்தில் மறைந்திருந்தார் என்றும் அவர் பதிவு செய்திருக்கிறார். அதே மாதம் புதுச்சேரிக்குப் போய் அரவிந்தரையும் எடுத்தார்.

அவர் வாழ்நாள் முழுக்கப் பெரும்பாலும் பயன்படுத்தியது லைக்கா கேமராவும் 50 எம்எம் லென்ஸும்தான். கிட்டத்தட்ட என் கையில் இருக்கும் லென்ஸின் பார்வைதான் அது. ஒரு மனிதரின் இறுதி நாட்களை அந்தப் பார்வையில் எடுக்க வேண்டுமென்றால் தூரத்தில் ஒளிந்து நிற்க முடியாது. பக்கத்தில் இருக்க வேண்டும். இருக்க அனுமதிக்கப்பட வேண்டும். அந்தப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் அவர் எத்தனை அடியில் நின்றிருப்பார் என்று என் கால் கணக்குப் போடுகிறது. எனக்கு அவை புகழ்பெற்ற ஒருவரின் படங்கள் என்பதைவிட, நிற்க வேண்டிய தூரம் தெரிந்த ஒருவரின் படங்கள்.

தீபத்தன்று இந்தப் பாடம் எனக்கு முழுதாகப் புரிந்தது. சாயங்காலம் 6 மணிக்கு அர்த்தநாரீஸ்வரர் கொடிமரத்தருகே சில கணங்கள் காட்சி தருவார். அதே நேரத்தில் உச்சியில் கொப்பரையில் தீபம் ஏறும். ஊரில் எல்லாக் கேமராவும் எல்லாப் போனும் மலையை நோக்கி இருக்கும். நானும் பல வருஷம் வளையத்தைக் கடைசிக்குத் திருப்பி உச்சியைத்தான் எடுத்தேன். நல்ல படங்கள்தான். ஒரு கார்த்திகையில், பக்கத்து வீட்டு மாடியில் எல்லோரும் நின்றிருந்தபோது, வளையத்தை ஆறடிக்குத் திருப்பினேன். எஃப் 2. “அண்ணாமலையாருக்கு அரோகரா” என்ற சத்தம் ஊர் முழுவதும் ஒன்றாக எழுந்தது. என் எதிரே இருந்த பெண்மணி கையில் ஏற்றாத அகலோடு நின்றார். மலையில் தீபத்தைப் பார்த்த பிறகுதான் வீட்டு விளக்கை ஏற்றுவது எங்கள் ஊர் வழக்கம். அவர் முகம் மேலே திரும்பியிருந்தது. கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. அந்த வருஷம் அவர் வீட்டில் என்ன நடந்தது என்பது எனக்குத் தெரியும். படத்தில் அவருக்குப் பின்னால் மலை மங்கிய நிழலாக இருக்கிறது. உச்சியில் தீபம் சின்ன ஒளிவட்டமாக இருக்கிறது. முகம் மட்டும் முழுத் தெளிவு. ஆறடியில் நிற்க அவர் எனக்கு இடம் கொடுத்தார். அதை நான் யாருக்கும் காட்டியதில்லை. அவருக்கு மட்டும் ஒரு பிரதி கொடுத்தேன்.

இப்போது கேமராவில் ஆசை வைத்த பிள்ளைகள் சிலர் என்னிடம் வருகிறார்கள். பெரும்பாலும் அடுத்து எந்த லென்ஸ் வாங்கலாம், எவ்வளவு ஆகும் என்றுதான் கேட்கிறார்கள். முதலில் வீட்டு அலமாரியைப் பாருங்கள் என்று சொல்கிறேன். தாத்தாவுடைய யாஷிகாவோ பென்டாக்ஸோ ஜெனித்தோ இருக்கலாம். லென்ஸைக் கழற்றி டார்ச் வெளிச்சத்தில் குறுக்கே பிடித்துப் பாருங்கள். நூல் நூலாகப் படர்ந்திருந்தால் பூஞ்சை. வளையம் முழுக்கச் சீராகத் திரும்புகிறதா, அப்பர்ச்சர் தகடுகளில் எண்ணெய் மின்னுகிறதா என்று பாருங்கள். எந்த மறை என்று தெரிந்துகொண்டு, உங்கள் கேமராவுக்கு வேண்டிய அடாப்டரை மட்டும் வாங்குங்கள். புது லென்ஸின் விலையில் அது சின்னப் பங்குதான். மாட்டியதும் மலையைப் பார்த்து வளையத்தைக் கடைசிவரை திருப்புங்கள். உச்சிப் பாறை தெளிவாக வந்தால் அடாப்டர் சரி.

அதன் பிறகு ஒரு ஆளிடம் போங்கள். பெயரைக் கேளுங்கள், எடுக்கலாமா என்று கேளுங்கள், எத்தனை அடியில் நின்றால் அவர் தோள் இறுகாமல் இருக்கிறது என்று பாருங்கள். அங்கே நின்று, அவரிடம் எது தெளிவாக விழ வேண்டும் என்று நீங்களே முடிவு செய்து திருகுங்கள். அந்த முடிவை எந்தக் கேமராவும் உங்களுக்காக எடுக்க விடாதீர்கள். நாலு படம் எடுத்து நாலும் மங்கினாலும் பரவாயில்லை. எதிரில் இருந்தவரை நீங்கள் அவ்வளவு நேரம் பார்த்திருப்பீர்கள். ஐந்தாவது படம் அந்தப் பார்வையிலிருந்துதான் வரும்.